ஆசானை நினைத்தல் – மகாவித்துவானும் அவர் மாணாக்கரும்



எங்கள் ஊர்களிலே ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வழங்குவது வழக்கம். அதனைக் 'கல்வெட்டு' என்றும் சொல்வோம். முதற்பக்கத்தில் அமரரின் படம், பின்னர் பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், ஈற்றில் நன்றி நவிலல் என்று அந்த மலர் அமையும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் காலமானார். அவர் குடும்பத்தினர் என்னை அழைத்து, "நீங்களும் தமிழ் படிப்பிக்கிறவர்தானே, ஐயாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ" என்று கேட்டனர்.

அன்றிரவே எழுதினேன். கடமை தவறாதவர், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர், மாணவர் நெஞ்சங்களில் நீங்கா இடம் பெற்றவர் என்றெல்லாம் சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இலங்கையில் உள்ள எந்த ஆசிரியருக்கும் அந்தப் பக்கம் பொருந்தும் என்பது அப்போது விளங்கிற்று. அவரிடம் ஏழாண்டுகள் படித்த நான், அவரைக் காட்டுகின்ற ஒரு வரியைக்கூட எழுதவில்லை. அவர் உயிரோடு இருந்து அந்தக் கொப்பியைக் கையில் எடுத்திருப்பாரேயானால், ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டு, "இது ஆரைப் பற்றி, தம்பி?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.

ஓர் ஆசிரியரை நினைப்பது எப்படி? அவர் விட்டுச் செல்வது என்ன? இந்தக் கேள்விகளோடு அன்று நான் அலுமாரியிலிருந்து எடுத்த நூல், டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய வரலாறு. இன்றைய உரையிலே அந்த ஆசிரியரையும் மாணாக்கரையும் பற்றிச் சில செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஐந்தாண்டு நிறையாத உறவு

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு பிறந்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரிலே தமிழ் கற்பித்து வாழ்ந்த சிதம்பரம் பிள்ளையின் மகன். தந்தையிடம் தொடங்கிய கல்வியை அவர் நிறைவு செய்துகொண்ட விதம் நாம் இன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்காலத்தில் ஒரு நூலைப் பாடங்கேட்க வேண்டுமானால், அந்த நூலை அறிந்தவர் எங்கிருக்கின்றார் என்று தேடிப் போக வேண்டும். தண்டியலங்காரத்தை அறிந்த ஒருவர் தெருத்தெருவாகப் பிச்சையெடுத்து உண்ணும் பரதேசியாக இருந்தார். அவர் பின்னாலேயே நடந்து, அவர் மனங்கோணாமல் பணிவிடை செய்து அந்த அணியிலக்கணத்தைப் பிள்ளையவர்கள் கற்றார். இவ்வாறு துளித்துளியாகச் சேர்த்த கல்வியைப் பின்னாளில் தம்மிடம் வந்தவர்களுக்கெல்லாம் குடங்குடமாக வார்த்தார் என்பதே அவருடைய சிறப்பு.

திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கிய அவர் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என அவர் பாடிய சிற்றிலக்கியங்கள் மிகப் பல. ஏட்டையும் எழுத்தாணியையும் தாம் தொடாமல், அவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். இடையில் வந்தவரோடு உரையாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த செய்யுளைத் தொடரும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி பிறந்தவர், தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். தந்தையார் வேங்கட சுப்பையர் இசைவாணர். மகனும் சங்கீதத்திலே தேற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகனுக்கோ தமிழிலேதான் நாட்டம். ஊரூராகச் சென்று சிறிய சிறிய ஆசிரியர்களிடம் பாடங்கேட்ட அந்தப் பிள்ளையை, செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்னும் ஆசிரியர், தம்மால் சொல்லிக்கொடுக்கக் கூடியது இவ்வளவுதான் என்று உணர்ந்து, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகும்படி வழிகாட்டினார். தம்மினும் பெரிய ஆசிரியரிடம் மாணவனை அனுப்பி வைக்கும் மனம் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை. தமிழுலகம் அந்த ரெட்டியாருக்கும் கடமைப்பட்டிருக்கின்றது.

1871ஆம் ஆண்டு தந்தையும் மகனும் மாயூரம் வந்து பிள்ளையவர்களைக் கண்டனர். அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. படிக்க வருகின்றவர்கள் பலர் சில காலம் இருந்துவிட்டு, நிறைவாகக் கற்காமலே போய்விடுகின்றார்கள் என்பது அவருடைய மனக்குறை. இந்தப் பிள்ளை அப்படிப் போகமாட்டான் என்று தந்தையார் உறுதி சொன்னார். உணவுக்கு என்ன செய்வது என்பது அடுத்த தடையாயிற்று. சாதியாசாரம் இறுகியிருந்த அக்காலத்தில் அந்தணப் பிள்ளை ஆசிரியர் வீட்டிலே உண்ண முடியாது. வேறிடத்தில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய ஆசிரியரிடம் வசதி இல்லை. அந்தச் செலவையும் ஏழைத் தந்தை தம் தலையிலே போட்டுக்கொண்ட பின்னரே கல்வி தொடங்கிற்று.

அன்று தொடங்கிய அந்த உறவு 1876ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி பிள்ளையவர்களின் மறைவோடு முடிந்தது. கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்த மாணாக்கர் பின்னர் அறுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் தம்மை அவருடைய மாணாக்கர் என்றே சொல்லிக்கொண்டார்.

தளிர் தேடிய மாணாக்கன்

சேர்ந்த புதிதில் சாமிநாதனுக்கு ஒரு பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. பிள்ளையவர்கள் தாமே பாடஞ்சொல்லாமல், தம்மோடு இருந்த சவேரிநாத பிள்ளை என்னும் மாணாக்கரிடம் நைடதம் கேட்கும்படி விட்டுவிட்டார். மலையளவு எதிர்பார்ப்போடு வந்த பிள்ளைக்கு அது போதவில்லை. ஆசிரியரின் கவனத்தை எவ்வாறு தன்பக்கம் திருப்புவது என்று எண்ணியபடி இருந்தான்.

மாயூரத்து வீட்டின் பின்புறத் தோட்டத்திலே பிள்ளையவர்கள் சில மரஞ்செடிகளை நட்டு வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு செடியருகிலும் சென்று, புதிதாகத் தளிர் விட்டிருக்கின்றதா என்று பார்ப்பது அவருடைய பழக்கம். அதனைக் கண்டுகொண்ட சாமிநாதன், அவருக்கு முன்னதாகவே எழுந்து தோட்டத்திற்குச் சென்று, எந்தக் கொம்பிலே எத்தனை தளிர் புதிதாக வந்துள்ளது என்று தேடிக் குறித்து வைத்துக்கொள்வான். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவான். அவருடைய முகம் மலரும். இப்படிச் சில நாட்கள் தளிர் பார்த்த பின்னரே, பாடம் எவ்வாறு நடக்கின்றது என்ற பேச்சு எழுந்தது. தாமே நேரில் பாடஞ்சொல்லவும் அவர் தொடங்கினார்.

இந்த நிகழ்ச்சியை வேடிக்கையாகவே பலரும் சொல்வர். அதிலே ஒரு நுட்பம் இருக்கின்றது என்பது என் எண்ணம். ஆசிரியர் எதிலே மகிழ்கின்றார் என்று பார்த்த கண்ணும், நேற்று இல்லாத ஒரு சிறு தளிரை இன்று கண்டுபிடிக்கும் கூர்மையும் பின்னாளிலே சிதைந்த ஏடுகளுக்குள் ஓர் எழுத்து வேறுபாட்டைத் தேடிய அதே கண்ணும் அதே கூர்மையுமே அல்லவா? ஆசிரியர் அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரோடு இருந்ததனால் அது வந்தது.

உ.வே.சா. மறைக்காமல் எழுதியிருக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. மாயூரத்திலே அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி சாமிநாதன் அவரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தான். செய்தி அறிந்த பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்திலே மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் ஊன்ற முடியாது என்பது அவர் கருத்து. மாணாக்கன் சங்கீதத்தை விட்டான். இன்றைய கல்வி உளவியல் படித்த நாம் இதனை ஒப்புக்கொள்வோமா என்பது வேறு விடயம். என்னைப் பொறுத்தவரை அது ஆசிரியரின் ஒரு குறுகிய தன்மையே. ஆயினும் மாணாக்கர் அதனைப் பூசி மெழுகவில்லை. நடந்தவாறே எழுதினார். பின்னாளில் அந்தப் பாரதியாரின் வரலாற்றையும் தனி நூலாக எழுதித் தம் கடனைத் தீர்த்தார்.

குறையை மறைக்காத அன்பு

நம்மவர் எழுதும் நினைவு மலர்களில் காலமானவர் எப்போதும் நிறைவாகவே வாழ்ந்திருப்பார். உ.வே.சா. காட்டும் ஆசிரியர் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் கடன்பட்டவர். வருவதை வைத்திருக்கத் தெரியாதவர். மாணாக்கர் கூட்டத்தோடு வாழ்ந்த அவருடைய வீட்டிலே சில நாட்களில் அடிப்படைப் பொருள்கள்கூட இருக்கமாட்டா. ஒருநாள் எண்ணெய் முழுக்குக்காகப் பிள்ளையவர்கள் பலகையிலே வந்து அமர்ந்திருந்தார். எண்ணெய் வரவில்லை. சாமிநாதன் உள்ளே போய் விசாரித்தபோது வீட்டிலே எண்ணெய் இல்லை என்பது தெரிந்தது. அவன் தன் கையிலிருந்த காசைக் கொண்டு கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்தான். ஆயிரக்கணக்கான செய்யுள்களைப் பாடிய மகாவித்துவானின் வீட்டிலே ஒரு முழுக்குக்கு எண்ணெய் இல்லை. இதனை எழுதினால் ஆசிரியரின் மதிப்புக் குறையுமே என்று மாணாக்கர் அஞ்சவில்லை. வாசிக்கின்ற நமக்கோ அந்த ஆசிரியர் இன்னும் நெருக்கமாகிவிடுகின்றார்.

அவரைச் சூழ்ந்திருந்த மாணாக்கர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. கும்பகோணம் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராக விளங்கிய தியாகராச செட்டியார் ஒருவர். புதுச்சேரியிலிருந்து வந்து கற்ற சவராயலு நாயகர் கிறிஸ்தவர். முன்னே குறிப்பிட்ட சவேரிநாத பிள்ளையும் கிறிஸ்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கராயினும் அவருடைய உற்ற நண்பர். அவர்மீது பிள்ளையவர்கள் ஒரு கோவையே பாடியுள்ளார். சைவ ஆதீனத்து வித்துவான் ஒருவரைச் சுற்றி இத்தனை சமயத்தாரும் கூடியிருந்தனர். சாப்பாட்டிலே பிரிவு இருந்தது. பாடத்திலே பிரிவு இருக்கவில்லை. அந்தக் காலத்தின் எல்லையையும் அந்த ஆசிரியரின் விரிவையும் ஒருங்கே காட்டும் செய்தி இது.

அவருடைய இறுதி நாளும் அப்படித்தான். நோயுற்றுச் சோர்ந்திருந்த ஆசிரியரைத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. திருவாசகத்திலே அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். ஒரு கிறிஸ்தவரின் கையிலே சாய்ந்தபடி, ஓர் அந்தணர் வாசிக்க, மணிவாசகரின் தமிழைக் கேட்டுக்கொண்டே அந்தச் சைவப் புலவர் கண்மூடினார்.

ஒரு கேள்வி

ஆசிரியர் மறைந்த பின்னர் அவருடைய செல்வாக்கு எப்படித் தொடர்ந்தது? திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அந்த இளைஞரை ஆதரித்தார், தாமே பாடமுஞ் சொன்னார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலிருந்து தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, தமக்குப் பின் அந்த இடத்திற்குச் சாமிநாதையரே தகுதியானவர் என்று வாதாடி, அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரே ஆசிரியரிடம் படித்த மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கருக்குச் செய்த உதவி அது. சென்னை திருவல்லிக்கேணியிலே தாம் வாழ்ந்த இல்லத்துக்கு உ.வே.சா. 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்திருந்தார் என்பது அவருடைய நன்றியுணர்வுக்குச் சான்று.

அதே 1880ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் தமிழிலக்கிய வரலாற்றைத் திருப்பிய அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்று கேட்டார். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார்.

நேயர்களே, அந்தக் கேள்வியின் கூர்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது சாமிநாதையரை மட்டும் குத்திய கேள்வி அன்று. அவர் தெய்வமாகப் போற்றிய ஆசிரியரின் பாடத்திட்டம் முழுவதையுமே குத்திய கேள்வி. அந்தக் காலத்துப் புலமை அந்தாதியையும் தலபுராணத்தையுமே பெரிதாகப் போற்றிற்று. சங்க நூல்களும் பழைய காப்பியங்களும் பாடங்கேட்கும் வழக்கிலிருந்து பெரும்பாலும் விலகியிருந்தன. தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் ஐந்தாண்டு படித்தவர் சிந்தாமணியைப் படித்திருக்கவில்லை.

அந்த இடத்திலே ஒரு மாணாக்கனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆசிரியர் சொல்லித் தராதது எதுவும் தேவையில்லை என்று வீம்பாக இருக்கலாம். அல்லது ஆசிரியர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் தூக்கியெறியலாம். சாமிநாதையர் இரண்டையும் செய்யவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணியைக் கையேற்றார். படித்தபோது விளங்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டார். சமண மரபு தெரியாமல் அந்த நூல் விளங்காது என்று அறிந்ததும், கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர்களைத் தேடிச்சென்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். திருநீறணிந்த ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையிலே மாணாக்கராக அமர்ந்தார். பரதேசியின் பின்னால் நடந்து அணியிலக்கணம் கற்ற ஆசிரியரின் மாணாக்கருக்கு அது சிரமமாக இருந்திருக்காது.

ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனப் பழந்தமிழ் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. அதே காலத்திலே நமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தமையும், அவரும் கும்பகோணத்திலே வாழ்ந்து சாமிநாதையரோடு பழகியமையும் நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவை.

இப்போது முதலியாரின் கேள்விக்கு வருவோம். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்ததனால் பயன் இல்லையா? பழைய ஓலைச்சுவடியை வாசித்துப் பார்த்தவர்கள் இதற்கு விடை சொல்வார்கள். சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அடிக்கு அடி வரி பிரித்தும் எழுதியிருக்க மாட்டார்கள். செல்லரித்த இடங்களிலே எழுத்தே இராது. இத்தகைய ஏட்டிலே ஒரு செய்யுளைக் கண்டுபிடிப்பதற்கு முதலில் வேண்டியது செவி. சீரும் தளையும் எதுகையும் செவியிலே ஊறியிருந்தாலன்றி, இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று தீர்மானிக்க முடியாது.

அந்தச் செவியை அவருக்குக் கொடுத்தவர் யார்? தோட்டத்திலும் திண்ணையிலும் பயணத்திலும் ஓயாமல் செய்யுள் சொல்லிக்கொண்டு போன பிள்ளையவர்கள்தாம். ஆசிரியர் வாயிலிருந்து வந்த செய்யுளைக் கேட்ட மாத்திரத்தே பிழையற எழுதிப் பழகிய கை அது. ஆயிரக்கணக்கான செய்யுள்கள் மனத்திலே நிறைந்திருந்ததனால், ஒரு சிதைந்த சொல்லைக் கண்டதும் வேறொரு நூலிலே அது வந்த இடம் நினைவுக்கு வரும். ஆக, ஆசிரியர் சிந்தாமணியைக் கற்பிக்கவில்லை, ஆனால் சிந்தாமணியைக் கற்கக்கூடிய ஒருவரை ஆக்கி வைத்துவிட்டுப் போனார். ஆசிரியரின் செல்வாக்கு என்பது இதுதான் என்று நான் நினைக்கின்றேன். கற்பித்த பாடம் பழையதாகிப் போகலாம், பாடத்திட்டமே மாறிப் போகலாம். கற்கின்ற முறையும், தவறு விடக்கூடாது என்ற அச்சமும், தமிழின்மீது வைத்த காதலும் மாணாக்கனோடு தங்கிவிடும்.

ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகளின் பின், தமது எழுபத்தெட்டாவது வயதில், 1933ஆம் ஆண்டு உ.வே.சா. பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் வந்தது. மகாமகோபாத்தியாயப் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டன. புகழால் ஆசிரியரைக் கடந்துவிட்ட மாணாக்கர்தாம். ஆயினும் முதுமையிலே அமர்ந்து, ஆசிரியரின் பழக்கவழக்கங்களையும் பாடல் பிறந்த சந்தர்ப்பங்களையும் கடிதங்களையும் பலரிடம் கேட்டும் நினைவிலிருந்து தேடியும் சேர்த்துத் தந்தார். பின்னர் ஆனந்த விகடனிலே 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோதும், தம் சரித்திரத்தின் பெரும்பகுதியை ஆசிரியருக்கே கொடுத்துவிட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆந் திகதி அவர் மறைந்தபோது அந்தத் தொடர் நிறைவுபெறாமலே நின்றது. அவருடைய மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் பின்னர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதினார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு என்று நாம் மேடையிலே சொல்வது வெறும் உவமை அன்று என்பதற்கு இந்த வரிசை போதும்.

புளியமரத்தடி

நூலை மூடி வைத்துவிட்டு என் ஆசிரியரை நினைத்தேன். இம்முறை வேறு விதமாக நினைத்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் ஒரே இரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது நான் உயர்தர மாணவன். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தோம், புத்தகங்கள் வீட்டிலே கிடந்தன. சில வாரங்களின் பின்னர், எங்கள் தமிழாசிரியரும் பக்கத்து ஊரிலே ஒரு வளவில் தங்கியிருக்கின்றார் என்று கேள்விப்பட்டு, நாங்கள் ஐந்தாறு பேர் அவரைத் தேடிச் சென்றோம். ஒரு புளியமரத்தின் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். "சேர், படிக்க வேணும், ஆனால் ஒருத்தரிட்டையும் புத்தகம் இல்லை" என்றோம். அவர் சிரித்தார்.

"புத்தகம் வீட்டிலை நிண்டது நல்லதாப் போச்சு, தம்பியவை. எங்களிட்டை உண்மையாய் என்ன இருக்கெண்டு இனித்தான் தெரியப்போகுது" என்றார்.

அன்றே பாடம் தொடங்கிற்று. பாடத்துக்குரிய கம்பராமாயணச் செய்யுள்களை அவர் மனத்திலிருந்து சொல்ல, நாங்கள் கிடைத்த தாளிலே எழுதிக்கொண்டோம். ஒரு செய்யுளிலே அவருக்கே ஓரடி வரவில்லை. எங்கள் முன்னாலேயே, "எனக்கு மறந்து போச்சு" என்று சொன்னார். சமாளிக்கவில்லை. அந்த அடி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடச் சொன்னார். நான்கு நாட்கள் கழித்து, சாவகச்சேரியிலே யாரிடமோ நூலைத் தேடிப்பிடித்துப் பார்த்துவந்து, வெயிலிலே வியர்த்தபடி நின்று அந்த அடியைச் சொன்னார். அதன் பின்னரே அமர்ந்தார்.

அந்த வெற்றிடம் இருந்த தாள் இன்றும் என்னிடம் இருக்கின்றது. வகுப்பிலே மாணவன் ஒருவன் எனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்கின்றபோது, சமாளித்துவிடலாமா என்று மனம் ஒரு கணம் தடுமாறும். அப்போதெல்லாம் அந்த வெற்றிடம் கண்முன்னே வரும். "நாளைக்குப் பார்த்துச் சொல்லுகிறேன்" என்று சொல்லிவிடுவேன். பல்கலைக்கழகத்திலும் ஆசிரியப் பயிற்சியிலும் நான் கற்றவை அநேகம். இந்த ஒன்றைப் புளியமரத்தடியிலேதான் கற்றேன்.

உ.வே.சா. தம் ஆசிரியரின் இறுதி வேளையிலே அருகில் இருந்தார். எனக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர் நோயுற்றிருக்கின்றார் என்று அறிந்தும், அடுத்த தவணை விடுமுறையிலே போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தவணைகளைத் தள்ளிப்போட்டேன். பரீட்சை வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் என்று காரணங்கள் இருந்தன. அவை எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனாலும் அவர் போய்விட்டார். அந்தக் குறையையும் எழுதாமல் விட்டால், என் பக்கம் மீண்டும் யாருக்கும் பொருந்தும் பக்கமாகவே போய்விடும் என்று எனக்குப் பட்டது.

முதலில் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நற்பண்பாளர், கடமைவீரர் என்ற சொற்கள் அதிலே இல்லை. சாக்கு விரிப்பும், மறந்துபோன ஓரடியும், நான்கு நாள் தேடலும், நான் போகாத இரண்டு விடுமுறைகளும் இருந்தன. மலர் அச்சாகி வந்த பின்னர், வெளிநாட்டிலே வாழும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியிலே அழைத்தார். அந்தப் புளியமரத்தடியிலே என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவர். நெடுநேரம் பேசவில்லை. அந்த அடியை மட்டும் சொல்லிக் காட்டினார். ஒரு சீர்கூடப் பிசகவில்லை.

நேயர்களே, உங்களுக்கும் ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். இருக்கின்றார் என்றால், விடுமுறை வரும்வரை காத்திராமல் போய்ப் பாருங்கள். இல்லை என்றால், அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எழுதும்போது அவர் எந்தச் செடியிலே தளிர் தேடினார் என்பதை மறவாமல் எழுதுங்கள்.